நிறம் மாறும் சிலையும் கடலுக்குள் ஒரு கூடமும்: டவுன்ஸ்வில் கடலடிக் கலை அருங்காட்சியகம்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள டவுன்ஸ்வில் நகரில், ஸ்ட்ராண்ட் கடற்கரையின் இறங்குதுறையை ஒட்டி, நீருக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் ஒரு சிறுமியின் சிலை இருக்கிறது. அதைக் காண நுழைவுச்சீட்டு எதுவும் தேவையில்லை. நான்கு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அந்தச் சிலை இருட்டியதும் நீலத்திலிருந்து சிவப்புவரை ஏதேனும் ஒரு நிறத்தில் ஒளிர்கிறது. அந்த நிறத்தை, பெரும் தடுப்புப் பவளத்திட்டின் ஒரு பகுதியான டேவிஸ் திட்டில் ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம் நடத்தும் வானிலை நிலையம் அனுப்பும் கடல்நீர் வெப்பநிலை தீர்மானிக்கிறது. ‘ஓஷன் சைரன்’ என்ற இந்தச் சிலை 2019 டிசம்பரில் நிறுவப்பட்டது. கடலுக்குள் பல நாடுகளில் சிற்பத் தோட்டங்கள் அமைத்துள்ள ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் இதன் சிற்பி. நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, ஜான் புரூவர் திட்டில் கடலடியில் அவர் அமைத்த கூடமும் சிலையைப் போலவே டவுன்ஸ்வில் கடலடிக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததுதான். கடலோர மக்களிடம் பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கலையின் வழியாகவும் அறிவியலின் வழியாகவும் பேசுவது இதன் நோக்கமாகச் சொல்லப்படுவதால், அழகைவிட அந்த நோக்கத்தை வைத்தே இதை மதிப்பிட விரும்புகிறேன்.

முதலில் சிலை. பவளத்திட்டின் பெயரைச் சொல்லியே உலகெங்கும் அறியப்படும் ஒரு கடற்கரையில், அந்தத் திட்டைக் கரையில் நின்று பார்க்க முடியாது என்பதுதான் இங்குள்ள அடிப்படைச் சிக்கல். படகுப் பயணத்துக்குப் பணமும் ஒரு முழு நாளும் வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அனைவருக்கும் இவை இரண்டும் வாய்ப்பதில்லை. கண்ணில் படாத ஒன்று சூடாகிறது என்று எத்தனை அறிக்கைகள் சொன்னாலும் அது செய்தியாகவே தங்கிவிடும். மாலையில் நடக்க வருபவரும் மீன்பிடிக்க வருபவரும் தாம் தேடிப் போகாமலேயே அன்றைய கடலின் வெப்பத்தைக் கண்ணால் அறிந்துகொள்ள இச்சிலை வழி செய்கிறது. விளக்கப் பலகையும் வரைபடமும் படிப்பவரைத்தான் சென்றடையும். இது கடந்துபோகிறவரையும் எட்டுகிறது. அளவுக் கருவியின் எண்ணை மனித உடலின் நிறமாக மாற்றியதில் சிற்பியின் தேர்ச்சி தெரிகிறது, ஏனென்றால் சிவந்துபோன ஓர் உடலைப் பார்த்ததும் காய்ச்சல் என்று நினைக்க யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்த உடல் யாருடையது என்பதும் யோசித்து எடுத்த முடிவு. அந்நிலத்துக்கும் கடலுக்கும் மரபுரிமை கொண்ட வுல்குருகாபா மக்களைச் சேர்ந்த ஒரு சிறுமியை மாதிரியாகக் கொண்டு சிலை வடிக்கப்பட்டிருக்கிறது. கையில் ஒரு பெரிய சங்கை ஏந்தி அவள் கடலை நோக்கி நிற்கிறாள். சுற்றுலா விளம்பரங்களில் பவளத்திட்டு ஆளில்லாத சொர்க்கமாகத்தான் பெரும்பாலும் காட்டப்படுகிறது; அதற்கு உரியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள் என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் இச்சிலை நினைவூட்டுகிறது.

இனி குறைக்கு வருகிறேன். என் கணிப்பில் அது சிறிய குறையன்று. நிறம் காட்டுவது வெப்பநிலையை. பவளத்தைக் கொல்வதோ வெப்பநிலை மட்டுமன்று, அது நீடிக்கும் காலமும்தான். பவள உயிரியின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவின் பெரும்பகுதியையும் நிறத்தையும் தருகின்றன. அந்த இடத்தின் மிக வெப்பமான மாதத்துக்குரிய சராசரியைவிட நீர் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறி வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகிறது. இதனால்தான் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, அந்தச் சராசரியைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ கூடிய சூட்டைப் பன்னிரண்டு வாரங்களுக்குச் சேர்த்துக் கணக்கிடுகிறது. அந்தச் சராசரியைவிட 1 டிகிரி கூடுதலான சூடு ஒரு வாரம் நீடித்தால் அது ஓர் அலகு. 4 அலகு சேர்ந்தால் வெளிறுதலையும், 8 அலகு சேர்ந்தால் கடுமையான வெளிறுதலையும் பவளச் சாவையும் எதிர்பார்க்கலாம் என்பது அந்தக் கணக்கின் சாரம். இதன்படி, ஒரே ஓர் இரவு மட்டும் சிவப்பு தெரிந்தால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. ஆறு வாரங்களாகத் தொடர்ந்து சிவப்பு தெரிந்தால் நிலைமையே வேறு. ஆனால் கரையில் நிற்பவர் இரண்டு நாட்களிலும் காண்பது ஒரே நிறத்தைத்தான். நாள்தோறும் பார்ப்பவருக்கோ இதைவிட மோசமாக, சிவப்பு பழகியும் போகும்.

இதைச் சரிசெய்வது கடினமன்று என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நோவா அந்தச் சேர்மானக் கணக்கை ஐந்து கிலோமீட்டர் நுணுக்கத்தில் நாள்தோறும் பொதுவில் வெளியிடுகிறது. சிறுமியின் உடல் அன்றைய வெப்பத்தைக் காட்டட்டும். அவள் ஏந்தியிருக்கும் சங்கு மட்டும் அந்தக் கோடையில் இதுவரை சேர்ந்த வெப்பத்தைக் காட்டட்டும். உடல் நீலத்துக்குத் திரும்பிய பிறகும் சங்கு சிவப்பாகவே இருக்கும் ஒரு வாரத்தில், எதற்காக இந்த வேறுபாடு என்று பிள்ளைகள் பெற்றோரைக் கேட்பார்கள். அந்தக் கேள்வியை எழுப்புவதுதான் இத்தகைய கலைக்கு உரிய வேலை என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. சிலை நோயைச் சொல்கிறது. நோய்க்கான காரணத்தைச் சொல்வதில்லை. கடலோரத்தில் தெற்கே போனால், அபாட் பாயிண்ட் துறைமுகத்திலிருந்து நிலக்கரி கப்பலேறுகிறது. அதைப் பேசுவது இந்த மாநிலத்தில் எளிதன்று என்பது புரிகிறது. ஆயினும் இதே சிற்பி 2015-இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றில், நீர் வடியும்போது மட்டும் முழுதாகத் தெரியும்படி நிறுத்திய நான்கு குதிரைகளுக்கு எண்ணெய்க் கிணற்றுப் பம்பின் தலைகளைத்தான் வைத்தார். அங்கே குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. அந்தத் துணிவு டவுன்ஸ்வில்லில் தென்படவில்லை.

இதே துறையில் நான் உயர்வாக மதிக்கும் வேறொரு படைப்போடு ஒப்பிடும்போது இது இன்னும் தெளிவாகும். ஸ்காட்லாந்தின் வடக்கு யூயிஸ்ட் தீவில், லாக்மேடி என்ற சிற்றூரின் கலை மையத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் பெக்கா நீத்துவிர்தா, டிமோ ஆஹோ என்ற இரு கலைஞர்கள் 2018-இல் ஒளிக்கோடுகளை அமைத்தார்கள். ஓதம் ஏறும்போது உணரிகளால் தாமே ஒளிர்ந்த அக்கோடுகள், வருங்காலப் புயல்நீர் எந்த மட்டம்வரை வரக்கூடும் என்பதைக் கட்டடச் சுவரிலேயே காட்டின. புயல்நீர் அச்சத்தால் அதே இடத்தில் விரிவாக்கம் செய்ய முடியாத நிலையில் அந்தக் கலை மையமே இருந்தது. அங்கே அறிவியலின் கணிப்பு ஊராரின் சொந்தச் சுவர்மீது, அவர்கள் மார்பளவுக்கோ தலையளவுக்கோ வந்து நின்றது. டவுன்ஸ்வில்லின் நிறமோ தொலைவிலுள்ள ஒரு திட்டின் நிலையைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது.

ஜான் புரூவர் திட்டிலுள்ள ‘கோரல் கிரீன்ஹவுஸ்’ பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில், மணல் தரையில், துருப்பிடிக்காத எஃகாலும் கடல்நீரின் காரத்தன்மையைக் குலைக்காத சிமெண்டாலும் கட்டப்பட்ட எலும்புக்கூடு போன்ற கட்டடம் அது. பவளம் நடும் மாணவர்களின் உருவங்கள் உள்ளும் புறமும் நிற்கின்றன. சில ஆண்டுகளில் பவளமும் கடற்பஞ்சும் படர்ந்து சிற்பத்தைத் தம்முடையதாக்கிக்கொள்ளும் விதம் அழகு. ஆனால் ஸ்கூபா பயிற்சி இல்லாதவருக்கு அது பெரும்பாலும் நீர்ப்பரப்பிலிருந்து தெரியும் மங்கலான உருவம்தான். கடலோர மக்களைச் சென்றடைவது என்ற அளவுகோலில் அது பின்தங்குகிறது. ஒரு சில உருவங்களில் பவளம் பற்றியிருப்பதைத் திட்டு மீள்கிறது என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள திட்டில் 2016-க்குப் பின் 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் பெருவெளிறுதல் நடந்திருக்கிறது. அவற்றில் 2022, கடல் ஓரளவு குளிர்ந்திருக்க வேண்டிய லா நினா ஆண்டு.

அதே திட்டில் 2023-இல் சேர்க்கப்பட்ட ‘ஓஷன் சென்டினல்ஸ்’ சிற்பங்கள் என்னை அதிகம் கவர்ந்தன. ஸ்நார்கெல் அணிந்து நீந்துபவரே பார்க்கக்கூடிய ஆழத்தில் இருக்கும் அந்த எட்டு உருவங்கள், பாதி மனித வடிவிலும் பாதி கடல் உயிரிகளின் வடிவிலும் அமைந்தவை. 1928–29இல் இந்தத் திட்டுக்கு வந்த ஆய்வுப் பயணத்துக்குத் தலைமையேற்ற மாரிஸ் யோங், பவள இனங்களை வகைப்படுத்திய சார்லி வெரோன், பவளங்கள் ஒரே இரவுகளில் ஒருசேர முட்டையிடுவதைக் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த பீட்டர் ஹாரிசன் ஆகியோரும் அவற்றில் இருக்கிறார்கள். அறிவியலை முகமற்ற அதிகாரமாகக் காட்டாமல் கடல்நீரில் வாழ்நாளைக் கழித்த மனிதர்களின் வேலையாகக் காட்டுவதால், ஐயத்தோடு வரும் பார்வையாளருக்குக்கூட இது உரையாடலைத் தொடங்கிவைக்கும்.

செல்ல நினைப்பவர்கள் சிலைக்கு மாலை மங்கிய பிறகு போவது நல்லது. பகலில் நிறம் எடுபடாது. அதற்கு முன் கடல் அறிவியல் நிறுவனத்தின் இணையதளத்தில் டேவிஸ் திட்டின் அண்மைய வெப்பநிலைப் பதிவையும், நோவாவின் தளத்தில் சேர்மான வெப்ப வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால், சிலை சொல்லாமல் விட்டதை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். ஜான் புரூவர் பயணம் ஆழ்நீச்சல் தெரிந்தவர்களுக்கு முழுப் பயன் தரும். மற்றவர்கள் சென்டினல்ஸ் சிற்பங்களுக்காகப் போகலாம். நவம்பர் முதல் மே வரை கொட்டும் சொறிமீன்களின் பருவம் என்பதால், அம்மாதங்களில் உடல் முழுவதையும் மூடும் நீச்சல் உடை இல்லாமல் நீரில் இறங்க வேண்டாம்.