ரயிலா, விமானமா, பஸ்ஸா? தோழிகளோடு நாலைந்து ஐரோப்பிய ஊர் பார்க்க எது தோது

பாளையங்கோட்டை, அம்பை, தென்காசி என்று நம் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் இப்போது நிறைய. முதல் செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும். கூடப் படிக்கிறவர்களோடு சேர்ந்து பிராக், வியன்னா, வெனிஸ், பாரிஸ் என்று ஒரே ஓட்டமாகச் சுற்றிவிட்டு வரவேண்டும். விசாப் பிரச்சினை கிடையாது. ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் ஒரே விசா வட்டாரமாக இருக்கிற மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போகலாம். (இங்கிலாந்தும் அயர்லாந்தும் இதில் சேராது.) தங்குவதற்கு ஹாஸ்டல் இருக்கிறது. சண்டை வருவதெல்லாம் எதில் போவது என்பதில்தான்.

போன கோடையில் நானும் தோழிகளும் சுற்றியபோது மூன்றிலுமே போக வேண்டி வந்தது. இனி என் ஓட்டு ரயிலுக்குத்தான். விமானத்தைப் பற்றியும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும். பஸ்ஸில் எனக்கு அனுபவம் குறைவு, அந்தப் பகுதியை அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையை மட்டும் பார்த்தால் பெரிதாகப் பேச ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பஸ்தான் மலிவு. முன்கூட்டியே எடுத்தால் விமானமும் 20, 30 யூரோவுக்குக் கிடைக்கும். ரயிலுக்கு வந்தால், பல நாட்டு ரயில்களிலும் ஏறக்கூடிய இன்டர்ரெயில் பாஸ் 27 வயது வரை உள்ளவர்களுக்கு 4 நாளைக்கே 200 யூரோவைத் தாண்டிவிடும். விசாவுக்காக முன்பே பணம் போட்டு வைக்கிற பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து அதில் வாடகை, இன்சூரன்ஸ், மளிகை எல்லாம் பார்க்கிற மாணவிக்கு இது சின்னத் தொகை இல்லை. இருந்தும் ரயில் என்று நான் அடித்துச் சொல்ல ஒரே காரணம், அது எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நம்மை இறக்கிவிடுகிறது என்பதுதான்.

இந்த மாதிரிப் பயணத்தில் ஒரு ஊருக்குக் கிடைப்பது ஒரு பகல், மிஞ்சினால் ஒன்றரைப் பகல். அதில் நாலு மணி நேரம் போனால் ஊரில் பாதி போச்சு. மலிவு விமானத்தில் அந்த நாலு மணி நேரம் போவது வெளியே தெரியாது. டிக்கெட்டில் பாரிஸ் என்றிருக்கும், இறங்குவது போவே என்ற ஊரில். அங்கிருந்து பாரிஸ் 80 கிலோமீட்டருக்கு மேல். நெல்லை என்று டிக்கெட் கொடுத்துவிட்டு நாகர்கோவிலில் இறக்கிவிடுவது போலத்தான். பிராங்க்பர்ட் ஹான் விமான நிலையம் பிராங்க்பர்ட்டிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். மிலான் பெர்கமோ 50 கிலோமீட்டர். போவேயிலிருந்து பாரிஸுக்கு வரும் பஸ்ஸுக்கே ஒன்றேகால் மணி நேரம், கட்டணமும் தனி. அந்தக் காசைச் சேர்த்தால் 20 யூரோ டிக்கெட் 20 யூரோவாக நிற்காது.

கிளம்புகிற பக்கமும் இதே கதைதான். மலிவு டிக்கெட் என்றால் பெரும்பாலும் விடிகாலை ஆறு மணி, ஆறரை மணி விமானம். இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்கவேண்டும், அந்த நேரத்தில் நகர ரயில் ஓடுமா என்று பார்க்கவேண்டும். ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் தனிக் கவுண்டரில் ஆவணம் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்ற விதியும் சில மலிவு விமானங்களில் உண்டு. கூட வந்த இத்தாலியத் தோழி நேராக உள்ளே போய்விட்டாள், நாங்கள் அங்கே வரிசையில் நின்றோம். இலவசமாகக் கொண்டுபோக முடிவது இருக்கைக்கு அடியில் நுழைகிற சின்னப் பை மட்டும்தான், அதைவிடப் பெரிதானால் பணம். பறப்பது ஒன்றரை மணி நேரம் என்றாலும் ஹாஸ்டல் வாசலிலிருந்து அடுத்த ஹாஸ்டல் வாசல் வரை கணக்குப் போட்டால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. கொலோனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். இறங்குவது கார் து நோர், ஊருக்குள்ளேயே இருக்கிற நிலையம். அங்கிருந்து செய்ன் நதிக்கரைக்கு நடந்தே போய்விடலாம்.

அடுத்தது பஸ். பகலில் நாலு ஐந்து மணி நேரம் போகிற தூரத்துக்கு ஃப்ளிக்ஸ்பஸ் என்ற பச்சை பஸ்ஸை நான் குறை சொல்லமாட்டேன். பெர்லினிலிருந்து பிராக் போக அது போதும், பிராகில் பஸ் நிற்கும் ஃப்ளோரென்ஸ் நிலையமும் பழைய நகரத்துக்குப் பக்கம்தான். ஹாஸ்டல் காசு மிச்சம் என்று எல்லோரும் போகிற இரவு பஸ்தான் யோசிக்கவேண்டியது. பல ஊர்களில் பஸ் நிலையம் நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. நாங்கள் போன பஸ் காலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர வேண்டியது, ரோடு காலியாக இருந்ததால் நாலு பத்துக்கே இறக்கிவிட்டது. காத்திருக்கும் அறையின் கண்ணாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே டிக்கெட் மெஷினின் விளக்கு மட்டும் எரிந்தது. கழிவறைக்கு ஒரு யூரோ நாணயம் போட வேண்டும், எங்களிடம் இருந்ததெல்லாம் நோட்டு. சுவரில் முதுகைச் சாய்த்துப் பையின் மேல் உட்கார்ந்து, இரண்டு பேர் தூங்க இரண்டு பேர் முழித்திருந்தோம். அந்த நேரம் பாளையில் காலை ஏழு நாற்பது. அம்மா போன் அடித்தாள். "ஏட்டி, எங்க நிக்க? விடிஞ்சிட்டா அங்க?" விடியவில்லை என்று சொல்ல வாய் வராமல், "இறங்கிட்டோம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் மியூசியத்துக்குப் போனோம். டிக்கெட் எடுத்து உள்ளே போய், ஓவியங்களுக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். இரவு பஸ்ஸில் மிச்சமான ஹாஸ்டல் காசுக்கு ஒரு பகலைக் கொடுத்திருந்தோம். இரண்டு இருக்கையில் காலை நீட்டித் தூங்கத் தெரிந்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். ஆனால் பெண் பிள்ளைகள் மட்டும் போகிற கூட்டமாக இருந்தால், காலை ஏழு மணிக்கு முன்னால் இறக்கிவிடுகிற எந்த பஸ்ஸையும் நான் சொல்லமாட்டேன்.

ரயிலின் அருமை வாசலைத் தாண்டியதுமே தெரிந்துவிடும். கொலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்து தலையைத் தூக்கினால் எதிரே பேராலயம், 157 மீட்டர் உயரம். அதைப் பார்க்கத் தனியாக எங்கும் போக வேண்டாம். பிராக் பிரதான நிலையத்திலிருந்து வென்செஸ்லாஸ் சதுக்கம் பத்து நிமிட நடை. வெனிஸ் சான்டா லூசியாவில் படியிறங்கினால் எதிரே பெருங்கால்வாய், படகுகள் போய்க்கொண்டிருக்கும். பெரிய நிலையங்களில் பெரும்பாலும் லாக்கர் இருக்கும். பையை அதில் போட்டுப் பூட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு சுற்றலாம். ஹாஸ்டலில் மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். காலையில் போய்ச் சேருகிறவர்களுக்கு லாக்கர் எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போது தெரியும்.

இரவில்தான் போயாக வேண்டும் என்றால் அதற்கும் ரயில் இருக்கிறது. வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் இரவு கிளம்பி, ஊர் விழித்த பிறகு காலையில் போய்ச் சேரும். குஷெட் என்ற படுக்கைப் பெட்டியில் பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ படுக்கை, நடுவில் சின்ன மேசை. நெல்லை எக்ஸ்பிரஸில் போய் வந்தவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம், மேல் படுக்கை யாருக்கு என்ற சண்டை வரைக்கும் எல்லாம் பழகியதுதான். அறைக்குக் கதவு உண்டு, உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாம். பெண்களுக்கு மட்டுமான அறையும் கேட்டு வாங்கலாம். போர்வை, தலையணை, காலையில் சின்ன டிபன் எல்லாம் டிக்கெட்டில் சேர்ந்தது. இன்டர்ரெயில் பாஸில் இன்னொரு வசதியும் உண்டு. நள்ளிரவைத் தாண்டி ஓடினாலும், நடுவில் மாறாத இரவு ரயிலுக்குக் கிளம்பிய நாள் மட்டும்தான் கணக்கில் கழியும். படுக்கை முன்பதிவுக்கு மட்டும் தனியே கட்ட வேண்டும்.

பகல் ரயிலில் பயணமே ஊர் பார்ப்பதாகிவிடுகிறது. டிரெஸ்டனிலிருந்து பிராக் போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். எல்பே ஆறு எல்லை தாண்டியும் கூடவே வரும், அக்கரையில் மணற்பாறைகள் கோட்டைச் சுவர் உயரத்துக்கு நிற்கும். அந்த ஜன்னலோரத்தில்தான் நாங்கள் புளிச்சோற்று டப்பாவைத் திறந்தோம். பல விமான நிலையங்களில் 100 மில்லி கணக்குக்குப் பயந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலை விட்டுவிட்டுப் போக வேண்டும். ரயிலில் எள்ளுப்பொடியும் எண்ணெயும் தாராளமாக வரலாம். எதிரே உட்கார்ந்திருந்த செக் பாட்டி வாசனை பிடித்து என்னவென்று கேட்டார். ஒரு வாய் கொடுத்தோம், ருசித்துச் சாப்பிட்டார்.

ரயில் என்றதும் பாஸ்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று கிழக்குப் பக்கமாகப் போவதானால், தேதி முடிவானவர்கள் ஒவ்வொரு டிக்கெட்டாக முன்கூட்டி எடுத்தால் பாஸைவிட மலிவாகவே முடியும். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் மூன்று மணி நேரத்துக்குள். சுவிட்சர்லாந்தைச் சேர்த்தாலோ, நாலு பேரில் ஒருத்தி எப்போதும் தாமதமாகக் கிளம்புகிறவளாக இருந்தாலோ, பாஸ் வாங்குங்கள். இந்த ரயில் போனால் அடுத்தது என்ற நிம்மதி மலிவு டிக்கெட்டில் கிடைக்காது. ஜெர்மனியில் குடியிருக்கிறவர்கள் வாங்க வேண்டியது இன்டர்ரெயில். ஊரிலிருந்து சுற்றுலாவாக வருகிற அண்ணன், அக்காமாருக்குத்தான் யூரெயில். இன்டர்ரெயிலில், குடியிருக்கிற நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாளும் திரும்பி வர ஒரு நாளும் மட்டுமே பாஸ் செல்லும்.

ரயிலுக்கும் குறை உண்டு. ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 2024இல் ஆறு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தவை நூற்றுக்கு 62, 63தான். மாறும் நிலையத்தில் பத்து நிமிட இடைவெளி வைத்துத் திட்டம் போட்டால் தவிக்க வேண்டி வரும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில் இரண்டிலும் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி, பாரிஸ் பக்கம் பாஸ்காரர்களுக்கான இடம் சீக்கிரம் தீர்ந்தும் போகும். அதனால் பாரிஸ் உங்கள் பட்டியலில் இருந்தால் அந்த ஒரு ரயிலை முதலில் உறுதி செய்துவிட்டு மற்ற ஊர்களை அதைச் சுற்றி வையுங்கள்.

விமானம் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. லிஸ்பன், ஏதென்ஸ் போகிறவர்களுக்கு அதுதான் வழி, அவ்வளவு தூரத்துக்கு ரயிலில் உட்கார்ந்தால் பாதி விடுமுறை போய்விடும். அந்த இரண்டு ஊரிலும் விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ இருக்கிறது. எந்த ஊருக்கு எடுத்தாலும் டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரைப் பார்த்து, வரைபடத்தில் தூரம் அளந்துவிட்டு அப்புறம் காசைக் கட்டுங்கள்.

பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் ஒரிஜினலாகவே கையில் இருக்கட்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. ரயிலில் பெரும்பாலும் போலீஸ்காரர் நம் இருக்கைக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார். பஸ்ஸை நிறுத்தினால் எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை வண்டி நகராது.

முதல் தடவை போகிறவர்களுக்குச் செலவு குறைய ஒரு வழி. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற ஜெர்மன் மாதப் பாஸ் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு குறைந்த விலைக்கே கிடைத்துவிடும். அது உள்ளூர், வட்டார ரயில்களுக்கு மட்டும்தான், ஆனால் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும். மியூனிக்கிலிருந்து காலை ரயிலில் ஏறினால் கூடுதல் காசு இல்லாமல் சால்ஸ்பர்க், அங்கே ஒரு பகல். சாயங்காலம் முன்கூட்டி எடுத்த மலிவு டிக்கெட்டில் வியன்னா, இரண்டரை மணி நேரம். மறுநாள் முழுக்க வியன்னா பார்த்துவிட்டு, ராத்திரி வெனிஸ் ரயிலில் படுத்துவிடலாம். செப்டம்பரில் கிளம்புகிற என் சித்தி மகளுக்கு இந்தத் திட்டத்தைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.