பொருட்காட்சி டிக்கெட் கவுன்ட்டர் வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் படியுங்கள். மாம்பழ சீசன் வந்தால் நம்ம ஊரில் பொருட்காட்சிக்குக் குறைவே இருக்காது. அரசு நடத்தும் மாங்கனி கண்காட்சியைச் சொல்லவில்லை. அதே கூட்டத்தை நம்பித் தனியார் மைதானங்களில் ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம் என்று போடுகிறார்களே, அப்படி ஒன்றில் டிக்கெட் கவுன்ட்டரில் பார்ட் டைமாக உட்கார்ந்தேன். சம்பளமும் வரவில்லை, கட்டிய அட்வான்ஸும் வரவில்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் விளம்பரம் வந்தது. மாலை 4 மணி முதல் இரவு 10 வரை, நாளுக்கு 500 ரூபாய், பெண்களுக்கு முன்னுரிமை. போனதும் 1,000 ரூபாய் அட்வான்ஸும் ஆதார் ஜெராக்ஸும் வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு, "நம்ம ஆளுங்கதானே பாப்பா, எதுக்கு ரசீதெல்லாம்?" என்றார் மேனேஜர். சம்பளம் கடைசி நாளில் மொத்தமாகத் தருவார்களாம்.

ஏமாற்றுவது எல்லாம் டிக்கெட் புக்கில்தான் நடக்கிறது. ஒரு புக்கில் 100 டிக்கெட், ஒன்று 50 ரூபாய். இரவு கணக்கு ஒப்படைக்கும்போது யாரும் தாளை எண்ணுவதில்லை. முதல் நம்பர், கடைசி நம்பர் இரண்டையும் பார்த்து, இத்தனை டிக்கெட் போயிருக்கிறது, இவ்வளவு பணம் வை என்பார்கள். தினமும் 200, 300 என்று குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவுன்ட்டர் முன்னால் கூட்டம் நெரிக்கும்போது, 4148 கிழித்துக் கொடுத்தேன், அடுத்த டிக்கெட் 4152. நடுவில் மூன்றைக் காணோம். கிழித்திருந்தால் அடிக்கட்டையாவது இருக்க வேண்டும், அதுவும் இல்லை. புக்கைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்தித் திரும்ப மடக்கியிருந்த தடம். பின் பழையபடி உட்காராமல், பக்கத்திலேயே பழைய ஓட்டை தனியாகத் தெரிந்தது. என் கைக்கு வருவதற்கு முன்பே உருவியிருக்கிறார்கள். அந்த டிக்கெட்டை வெளியே விற்றுக் காசு பார்ப்பது ஒருவர், அதற்குக் கணக்கு கட்டுவது நாம்.

மேனேஜரிடம் காட்டினேன். "புக்கு வாங்கும்போது சொல்லியிருக்கணும், இப்ப சொன்னா எப்படி?" என்று முடித்துவிட்டார். ஆறு மணிக் கூட்டத்தில் ஐந்து புக்கைக் கவுன்ட்டருக்குள் வீசிவிட்டுப் போகிறவர்கள் சொல்கிற பேச்சா இது? இது போதாதென்று, அவ்வப்போது சூப்பர்வைசர் வந்து, "பாஸ்காரங்க வந்திருக்காங்கம்மா, ஆறு டிக்கெட் கிழி" என்று வாங்கிக்கொண்டு போவார். கையெழுத்து கேட்டால் அப்புறம் என்பார். இரவில் அந்த ஆறும் என் தலையில்.

க்யூஆர் கோடிலும் இதே கதைதான். ஸ்டிக்கர் என் கவுன்ட்டரில், பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் மேனேஜர் கூடாரத்தில். வருகிறவர் போனில் பச்சை டிக் காட்டுவார், அதை நம்பித்தான் டிக்கெட் கொடுக்க முடியும். பணம் போன மாதிரி திரை காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இரவில் "அக்கவுன்ட்டில் இவ்வளவுதான் வந்திருக்கு" என்று சொல்வார்களே தவிர, அந்த அக்கவுன்ட்டை ஒரு நாளும் காட்டியதில்லை.

கடைசி நாள், மறுநாள் காலையில் வந்து சம்பளம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். போனால் ராட்டினத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷார்ட்டேஜ் எல்லாம் கழித்து எனக்கு ஒன்றும் வராது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார் மேனேஜர். பக்கத்துக் கவுன்ட்டர் அக்காவுக்கும் அதேதான். அவர் இரண்டு பிள்ளைகளுக்கு நோட்டு, பை வாங்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். மதியத்துக்குப் பிறகு மேனேஜர் போன் சுவிட்ச் ஆஃப்.

சட்டம் இவர்கள் பக்கம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நம் கவனக்குறைவால் நேரடியாக வந்த நஷ்டத்தை மட்டும்தான் பிடிக்கலாம். அதற்கு முன் நம் விளக்கத்தைக் கேட்க வேண்டும். மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முழுச் சம்பளத்தையும் கழித்துவிட்டுச் சீட்டை நீட்ட யாருக்கும் உரிமை இல்லை.

அதனால் இந்த வேலைக்குப் போகிறவர்கள், புக்கு கைக்கு வந்ததும் எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி, நம்பர் வரிசையை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டே முதல் டிக்கெட்டைக் கிழியுங்கள். பின்பக்கப் பின்னையும் சேர்த்துப் போனில் படம் எடுங்கள். பாஸ் டிக்கெட் என்றால் அடிக்கட்டையில் கையெழுத்து வாங்குங்கள். ஸ்பீக்கர் உங்கள் கவுன்ட்டரில் இல்லாவிட்டால் ரொக்கம் மட்டும் வாங்குவதாகச் சொல்லிவிடுங்கள். சம்பளத்தை அன்றன்றே கேளுங்கள். அட்வான்ஸ் கேட்டால் அந்த இடத்தைவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அடுத்து தர்மபுரியில் போடப்போவதாக அவர்களே பேசிக்கொண்டார்கள், அங்கே இருப்பவர்கள் ஜாக்கிரதை. நானும் அந்த அக்காவும் புக்கு படங்களோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கப் போகிறோம். அந்த மைதானத்தில் கவுன்ட்டரிலோ ராட்டினத்திலோ வேலை செய்து பணம் வராதவர்கள் அன்று காலை வந்து எங்களோடு கையெழுத்துப் போடுங்கள்.