சிங்கப்பூருக்கு: திருச்சியில் ஸ்கூட்டா, சென்னையில் எஸ்.ஐ.ஏ.யா?

இரண்டும் ஒரே குடும்பம்தான். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் (எஸ்.ஐ.ஏ.) மலிவுக் கட்டணத் துணை நிறுவனம்.

ஸ்கூட்டின் அடிப்படை டிக்கெட்டில் கையில் கொண்டுபோக 10 கிலோ மட்டும். பெட்டி போட, பிடித்த சீட் எடுக்க, சாப்பிட என்று எல்லாவற்றுக்கும் தனிக் காசு. முறுக்கு, மசாலாப் பொடி, ஊறுகாய் என்று அம்மா கட்டித்தருகிற வீட்டில் 10 கிலோ எந்த மூலைக்கு? எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஆகவே பெட்டிக்கு முன்பதிவின்போதே கட்டிவிடுங்கள். கவுண்டரில் போய்க் கட்டினால் கூடுதல்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பெட்டி, சாப்பாடு, படம் பார்க்கத் திரை எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனால் அது திருச்சியிலிருந்து பறப்பதில்லை. புதுக்கோட்டைக்காரர் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்கு வரவேண்டும். அந்தச் செலவு, அலுப்பு எந்தக் கணக்கில் சேரும்?

நாலு மணி நேரப் பயணத்துக்குத் திரை பெரிய விஷயமில்லை என்பேன். டெல்டா பக்கத்தவர் பெட்டிக்குக் காசு கட்டினாலும் ஸ்கூட்தான் லாபம். சென்னைவாசி, கூடவே குழந்தையும் இரண்டு பெட்டியும் என்றால், எல்லாக் கட்டணத்தையும் கூட்டிய பிறகு விலையை ஒப்பிடுங்கள். சில தேதிகளில் பெரிய வித்தியாசமே இருக்காது.