ஃப்ளேர் எக்ஸ்5 6000 சிஎல்30: ரைசனுக்கு இந்த வேகமே போதும்

ஏஎம்டியின் ரைசன் சிப்புகளுக்கான ஏஎம்5 மதர்போர்டில் ராமை ஓவர்கிளாக் செய்ய (அடிப்படை வேகத்தைவிட வேகமாக ஓட்ட) விரும்புவோர் ஜி.ஸ்கில் நிறுவனத்தின் ஃப்ளேர் எக்ஸ்5 வரிசையில் வரும் 32 ஜிபி இணையைத் தயங்காமல் வாங்கலாம். ஒவ்வொன்றும் 16 ஜிபி கொண்ட இரண்டு ஸ்டிக்குகள். வேகம் 6000 (வினாடிக்கு மில்லியன் பரிமாற்றங்களில்; ஒரு கடிகாரச் சுற்றுக்கு இரண்டு), டைமிங் எனப்படும் தாமத எண்கள் 30-38-38-96 (முதல் எண்ணே சிஎல்), மின்னழுத்தம் 1.35 வோல்ட். விளக்கு அலங்காரம் எதுவும் இல்லை, அது எனக்கு நிம்மதியே. உயரம் 33 மில்லிமீட்டர்தான் என்பதால் பெரிய ஏர் கூலருக்கு அடியிலும் எளிதாக அடங்கிவிடும்.

கடையில் இதன் அருகிலேயே 7200 சிஎல்36 இணையும் இருக்கும்போது 6000 எதற்கு என்று கேட்கத் தோன்றும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோவினாடியில் கிடைக்கும். இரண்டுக்குமே விடை 10தான். தாமதம் சமம், வேகம் கூடுதல் என்றால் 7200 தானே சிறந்தது? இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகளில் அந்த வாதத்துக்கு இடமுண்டு. ரைசன் 7000 வரிசையிலோ 6000 வேகம் வரை மெமரி கன்ட்ரோலர் (சிப்பில் ராமைக் கையாளும் பகுதி) ராமின் கடிகாரத்துக்கு இணையாக, அதாவது 3000 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. 6400ஐத் தாண்டினால் பெரும்பாலான சிப்புகளால் அந்த இணையைத் தக்கவைக்க முடியாமல் கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்க வேண்டியிருப்பதால், 7200இல் அது 1800இல்தான் ஓடும். 2022இல் ரைசன் 7000 வரிசை வெளியானபோது ஏஎம்டியே 6000ஐத்தான் பரிந்துரைத்தது.

ராமின் அறிவிக்கப்பட்ட வேகத்தையும் டைமிங்கையும் தானாக அமைக்கும் எக்ஸ்போ என்ற பயாஸ் வசதியை இயக்கிய பிறகும் கறக்க வேண்டியது மிச்சமிருக்கிறது. ராமின் செல்கள் மின்னூட்டத்தை இழந்துகொண்டே இருப்பதால் அவற்றை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அவ்வேளையில் அவற்றிலிருந்து தரவைப் படிக்க இயலாது. அந்தப் புதுப்பிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை டிஆர்எஃப்சியும், எவ்வளவு இடைவெளியில் நிகழும் என்பதை டிஆர்இஎஃப்ஐயும் தீர்மானிக்கின்றன. 16 ஜிகாபிட் சிப்புக்கான டிஆர்எஃப்சி தரநிலை 295 நானோவினாடி, அதாவது 6000 வேகத்தில் 885 சுற்றுகள். சிஎல்30 இணைகளில் பெரும்பாலும் இருக்கும் எஸ்கே ஹைனிக்ஸ் சிப்புகள் 500 சுற்றுகளை ஒட்டியும் நிலையாக ஓடக்கூடியவை. சிஎல்லை 30இலிருந்து 28க்கு இறக்கப் போராடுவதைவிட டிஆர்எஃப்சியைக் குறைப்பதில் பலன் அதிகம். மலிவாகக் கிடைக்கும் சிஎல்36 இணைகளில் சாம்சங், மைக்ரான் சிப்புகளும் வரலாம். அவை இந்த அளவுக்கு இடம் கொடுப்பதில்லை. டிஆர்இஎஃப்ஐயை உயர்த்துவோர் மட்டும் ஸ்டிக்குகளின் மேல் காற்று படுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு ஏற ஏற மின்னூட்டம் விரைவாகக் கசியும், குளிர்ந்த நிலையில் சோதனையைத் தாண்டிய அமைப்பு கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும்போது பிழை காட்டும்.

ரைசன் 7800எக்ஸ்3டி சிப் வைத்திருப்போர் இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டியதில்லை. அதன் 96 எம்பி கேஷ் (சிப்பிலேயே உள்ள அதிவேக நினைவகம்), ராமின் தாமதத்தைப் பெருமளவு மறைத்துவிடும். பின்னாளில் 64 ஜிபி தேவைப்படலாம் என்று நினைப்போர் இப்போதே 32 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டாக வாங்கிவிடுவது நல்லது. நான்கு ஸ்டிக்குகளுக்கு ரைசன் 7000இல் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கும் வேகம் 3600 மட்டுமே.