எட்டுக்குப் பத்து பொஷாட் பெட்டியும் நம்ம ஊர்க் காற்றும்

போன வாரம் என் பொஷாட் பெட்டியின், அதாவது வெளியிடத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய் எண்ணெய் வண்ணத்தில் வரைகிற சின்னப் பெட்டியின், மூடிக் கீலுக்கு இரண்டாவது முறையாக வைத்தியம் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அதே பெட்டிக்கு விலை குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று ஒன்றுக்கு இரண்டு பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள். கேட்ட நேரம் அப்படி. அதனால் கீழே வருவதில் கோபத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ரொம்பக் கழிக்க வேண்டாம்.

பெட்டியைப் பற்றி ஸ்பாட் பெயிண்டிங் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீச் மரம், மூடியில் எட்டுக்குப் பத்து அங்குல போர்டு நிற்கும், உள்ளே நிறம் கலக்கிற பேலட், அடியில் கேமரா ட்ரைபாடில் மாட்டுகிற கால் அங்குல மரை. படமும் அளவும் எல்லா இடத்திலும் கிடைக்கும். கிடைக்காதது கீலைப் பற்றிய உண்மை.

மூடியை எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம் என்பது விளம்பரம். நிற்கிற விதம் இதுதான்: வலது பக்கம் ஒரு பித்தளைப் பட்டை, அதில் நீளவாக்கில் ஒரு துளை, துளைக்குள் மெல்லிய போல்ட், மேலே ஒரு விங் நட்டு. நட்டை முறுக்கினால் பட்டை அழுந்தி மூடி நிற்கும். இடது பக்கம் ஒன்றும் கிடையாது. மூடி, அதில் மாட்டிய போர்டு, போர்டில் அப்பிய பெயிண்ட் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நட்டின் பிடியை நம்பி நிற்கின்றன. வீட்டுக்குள் ஃபேனை நிறுத்திவிட்டு வரைந்தால் ஆயுசுக்கும் நிற்கும்.

வெளியே கொண்டுபோகத்தானே வாங்கினோம்? ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் ஒரு பக்கம், ஆரல்வாய்மொழி ஒரு பக்கம் என்று காற்று இறங்கிவிடும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்கிற ஊரில் எட்டுக்குப் பத்து போர்டு எம்மாத்திரம்? திறந்த மூடி ஒரு பாய்மரம். ட்ரைபாட் நடுத்தண்டில் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டால் ஸ்டாண்டு விழாது, அந்தப் பிரச்சினை தீர்ந்தது. கீலுக்கு எதைத் தொங்கவிடுவது?

படாரென்று மூடி விழுந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். இது விழாது. நாம் கவனிக்காதபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாயும். சாயச் சாய ஈர எண்ணெய் வானத்து வெளிச்சத்தை வாங்கிக் கண்ணில் அடிக்கும். கருப்பாக வைத்த நிழல் எல்லாம் வெளிறித் தெரியும். போதவில்லையே என்று இன்னும் கொஞ்சம் பழுப்பு அம்பர், இன்னும் கொஞ்சம் நீல அல்ட்ராமரைன் என்று கை தானாகக் கருமையை ஏற்றிக்கொண்டே போகும்.

திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஒரு காலை இதுதான் நடந்தது. ஆற்றுக்குள் நிற்கிற முருகன் கோயிலும், கரையில் மருத மரமும், நடுவில் ஓடுகிற தண்ணீரும். பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, ஆத்துத் தண்ணி இம்புட்டுக் கருப்பாவா கெடக்கு?"

எனக்கு அப்படித் தெரியவில்லை. எழுந்து ஆச்சி நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். தாமிரபரணி தாராய் ஓடிக்கொண்டிருந்தது, போர்டில். பக்கவாட்டில் நிற்கிறவர் கண்ணில் மினுக்கம் அடிக்காது, அதனால் உள்ளது உள்ளபடி தெரியும். எனக்கு நேரே இருந்த மூடி அதற்குள் நன்றாகவே சாய்ந்திருந்தது. அந்தப் படம் இப்போதும் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் ராத்திரி வரைந்ததா என்று கேட்கிறார்கள்.

விற்றவர்களுக்கு எழுதினேன். நட்டை நன்றாக இறுக்கிப் பயன்படுத்தவும் என்று பதில் வந்தது. நன்றாக இறுக்கினேன். மரை தேய்ந்துபோனது.

முதல் வைத்தியம் ஹார்டுவேர் கடையில். புது விங் நட்டு, ஒரு ஸ்பிரிங் வாஷர். அடுத்த ஆடி வரை தாங்கியது. பிறகு வேறு கோளாறு. பீச் மரம் சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும், திருகு பிடித்திருக்கிற துளை இளகும், பட்டையே ஆட ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து மரம் உப்பும்போது எல்லாம் இறுகி, கீல் அருமையாக நிற்கும். அந்த மாதங்களில்தான் மழை. வெளியே கால் வைக்க முடியாத மாதத்தில் மட்டும் ஒழுங்காக நிற்கிற கீலை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நியாயமாகப் பேச வேண்டும் என்பதற்காக மற்றதையும் சொல்கிறேன். இந்தப் பெட்டியின் பேலட் மாதிரி ஒன்றை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. புதிதில் வெளிறிய மரம், வார்னிஷ் கிடையாது. லின்சீட் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் மிச்சப் பெயிண்டைத் துணியால் துடைத்து விட்டதில், இப்போது சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நடு நிறத்துக்கு வந்திருக்கிறது. கிட்டத்தட்ட ஆற்றுப் பாறையின் நிறம். வெள்ளை பேலட்டில் எந்த நிறத்தைக் கலந்தாலும் கருப்பாகத் தெரியும், போர்டில் வைத்ததும் வேறாகிவிடும். இதில் கலந்தது கலந்தபடியே போர்டுக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்க முடியாத விஷயம், பழகப் பழகத்தான் வரும்.

அப்புறம் ஈர போர்டைச் செருகி வைக்கிற காடி. எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். டைட்டானியம் வெள்ளையும் காட்மியம் மஞ்சளும் சேர்ந்த வானத்தைத் தொட ஒரு வாரம் பொறுக்க வேண்டும். சேரன்மகாதேவியிலிருந்து ஜங்ஷனுக்குப் பள்ளிக்கூடம் விட்ட நேரத்து டவுன் பஸ்ஸில், மடியில் பெட்டியும் பெட்டிக்குள் இரண்டு ஈரப் படங்களுமாக வந்திருக்கிறேன். ஒரு கீறல் விழவில்லை. இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

வயலுக்கு இது சரியான அளவு. கார் பருவ நெல் நாற்றுக்கு ஒரு பச்சை, பிசானப் பருவ நெல் கதிர் பிடிக்கும்போது வேறு பச்சை. ட்யூபில் வருகிற பச்சை இரண்டுக்கும் ஆகாது. எலுமிச்சை மஞ்சளில் அல்ட்ராமரைனையும் ஒரு பொட்டு சிவப்பையும் சேர்த்துக் கலப்பதுதான் வழி. தை, மாசியில் காற்றும் அடங்கியிருக்கும். அறுப்புக்கு முந்தின வயலை வரப்பில் நின்றுகொண்டே இந்தப் பெட்டியில் வரைந்து முடிப்பேன், கீலின் நினைப்பே வராது. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரத்துக்கு மரம் பறவைக் கூடு இருப்பதால் வீட்டு நிழலில் ஒதுங்கி நிற்கலாம், அங்கேயும் தொல்லையில்லை. தலையில் எச்சம் விழும், அது பெட்டியின் குற்றமல்ல.

தேரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாத்தான்குளம் பக்கம் இருக்கிற செம்மணல் மேடுகள். இன்று தூத்துக்குடி மாவட்டம், 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்தது. அந்த மணல் சிவப்பாக இருப்பதற்கு மேலே படிந்த இரும்பு ஆக்சைடு காரணம். நம் ட்யூபில் இருக்கிற லைட் ரெட், இந்தியன் ரெட் எல்லாமும் அதே இரும்பு ஆக்சைடுதான். கலந்து பார்க்கவே தேவையில்லை, ட்யூபை மணல் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். காற்று மணலை வாரி ஈரப் படத்தில் போட்டது. வேறு இடமாக இருந்தால் நைஃப் முனையால் ஒவ்வொன்றாக எடுத்திருப்பேன். இங்கே எடுக்கவில்லை. முன்னால் கிடக்கிற மணல் பாதி பெயிண்ட், பாதி நிஜ மணல், விரலால் தடவினால் நறநறக்கும். ஒற்றைப் பனைக்குப் பின்னால் வானத்தில் ஒட்டிய சில மணலையும் அப்படியே விட்டுவிட்டேன். இந்தப் பெட்டியில் வரைந்ததில் எனக்குப் பிடித்த படம் அது.

கீலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் பொய்யாகும்: தேரியில் அன்றைக்கு அது அசையவே இல்லை. பட்டைக்கும் நட்டுக்கும் இடையே மணல் புகுந்து இறுகக் கவ்வியிருக்கிறது. அதன் பலன், பித்தளையில் கோடு கோடாகக் கீறல் விழுந்து, மணலைத் துடைத்த பிறகு முன்னைவிட மோசமாக வழுக்க ஆரம்பித்தது.

1792-இல் ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இந்தப் பக்கம் வந்து குற்றாலம் அருவியையும் பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். இடத்தில் பென்சிலும் நீர் வண்ணமும், மற்றதெல்லாம் பிறகு சாவகாசமாக. தகர ட்யூபில் எண்ணெய் வண்ணம் வந்ததே அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் 1841-இல் காப்புரிமை வாங்கிய பிறகுதான். அந்த டேனியல்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பாபநாசத்தில் சாரல் அடிக்கும்போது நான் ஒரு கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாறை வரைந்திருக்கிறேன். துடைக்கிற துணியை வாயில் கவ்விக்கொள்ள வேண்டியிருந்தது.

போன வாரம் இரண்டாவது வைத்தியத்துக்குப் போனபோது லேத் பட்டறைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விங் நட்டைச் சுண்டினார், அது தானாகச் சுற்றியது. "அண்ணாச்சி, இதச் செஞ்சவன் காத்தே அடிக்காத ஊர்க்காரன் போல" என்றார். இடது பக்கத்துக்கும் அதே அளவில் ஒரு பட்டை வெட்டினார். இரண்டு பக்கமும் ஆறு எம்எம் போல்ட், நடுவில் நைலான் வாஷர், விங் நட்டுக்குப் பதிலாகக் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குமிழ். மரத்தில் இளகிய துளைகளில் தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து, மேலே புதிதாகத் துளைத்துத் திருகு போட்டார். அரை மணி நேர வேலை. வாங்கிய கூலியைச் சொன்னால் விற்றவர்கள் வெட்கப்பட வேண்டும். மறுநாளே மணிமுத்தாறு அணைக்கரைக்குக் கொண்டுபோனேன். காற்றில் என் தொப்பி போனது, மூடி போகவில்லை.

சரி, வாங்கலாமா? வேண்டாம். பேலட் நன்று, காடி நன்று, எடை நன்று, பஸ்ஸுக்கு ஏற்றது, எல்லாம் நான் எழுதியதுதான், மாற்றிப் பேசவில்லை. இருந்தாலும் வேண்டாம். வெளியில் வரைய என்று விற்கிற பெட்டிக்கு வெளியில் காற்று அடிக்கும் என்பதுகூடத் தெரியவில்லை என்றால் அதற்குப் பாதி விலையும் அதிகம். கேட்ட இருவரில் ஒருவர் செங்கோட்டைக் காற்று இறங்குகிற தென்காசியில் இருக்கிறார், அவருக்கு இரண்டு மடங்கு வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்வார்கள். அப்படி வாங்கினால் முதல் படத்துக்கு முன்பே இடது பக்கத்துக்கும் பட்டை போட்டுவிடுங்கள். நைலான் வாஷர் கேளுங்கள், இரும்பு வாஷர் கொடுத்தால் வாங்காதீர்கள், அது பித்தளையைத் தின்னும். வாரண்டி போய்விடும் என்பார்கள், போகட்டும். என்னுடையதை விலைக்குத் தருவீர்களா என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம், அது விற்பனைக்கு இல்லை.