ஜதிலுவி நெல்வயல்கள்: சாலையோரம் நின்றால் பாதிதான் தெரியும்

பாலித் தீவுக்குச் செல்லும் நம்மவர்களைப் படிக்கட்டு வயல்களைக் காட்டுகிறோம் என்று வண்டி ஓட்டுநர்கள் பெரும்பாலும் உபுது என்ற ஊருக்கு வடக்கேயுள்ள தெகலாலாங்கிற்குத்தான் அழைத்துச் செல்கிறார்கள். உபுதிலிருந்து அரை மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்பதைத் தவிர அந்த இடத்தைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஊஞ்சல்களும் படமெடுப்பதற்கான மேடைகளும் காப்பிக் கடைகளும் நிறைந்த குறுகலான பள்ளத்தாக்கு அது. வரப்பில் இறங்கினால் ஆங்காங்கே நன்கொடை கேட்டு ஆட்கள் நிற்பார்கள். உழவைப் பார்க்க விரும்புகிறவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் பயணம் செய்து, தபானான் மாவட்டத்தில் பதுக்காரு மலையின் தென்சரிவில் இருக்கும் ஜதிலுவிக்கே செல்ல வேண்டும்.

யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டில் பாலியின் 'சுபாக்' பாசன முறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏறத்தாழ 19,500 எக்டேர் பரப்புள்ள அந்தப் பகுதிகளுள் ஜதிலுவி இடம்பெறுகிறது, தெகலாலாங் இடம்பெறவில்லை. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிட அதிகம் என்றாலும், நம் பணத்தில் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. பேருந்து வசதி கிடையாது. வாடகைக் காரோ ஸ்கூட்டரோதான் வழி.

வருகிறவர்களில் பலர் சாலையோர உணவகத்தில் அமர்ந்து, சாப்பிட்டு, நாலைந்து படங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சாலையிலிருந்து தெரிவது அழகான பச்சைச் சரிவுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இடத்தின் சிறப்பு முழுவதும் தண்ணீரில் இருக்கிறது, அது கீழே இறங்கி நடப்பவர்களுக்கு மட்டுமே தென்படும். நடைபாதைகளை நிறங்களால் பிரித்துக் குறித்திருக்கிறார்கள். நடுத்தர நீளமுள்ள பாதையே போதுமானது. வாய்க்கால் ஓரமாகவே செல்லும் அப்பாதையில், தண்ணீர் கிளை பிரியும் இடத்தில் குறுக்கே கிடத்தப்பட்ட மரக்கட்டை ஒன்றில் வெவ்வேறு அகலத்தில் வெட்டுகள் இருப்பதைக் காணலாம். எந்த வெட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் அந்தக் கிளைக்கு உரிய பங்கு. கதவும் இல்லை, பூட்டும் இல்லை, காவலும் இல்லை. வயலுக்குத் தண்ணீர் நுழையும் மடையருகே மூங்கிலால் செய்த சிறு பீடமும், அதில் நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீக்கு இலைத்தட்டில் வைத்த பூவும் சோறும் இருக்கும். நம் ஊர் மடைச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த யாரும் அந்த மரக்கட்டையின் அருகே சற்று நேரம் நிற்காமல் போக மாட்டார்கள்.

ஒரே நீரைப் பகிரும் உழவர்கள் சேர்ந்த அமைப்பே சுபாக். எந்தப் பகுதி எப்போது நட வேண்டும், எப்போது வயலைக் காயவிட வேண்டும் என்பதை அதன் தலைவரும், பாசன நீருக்காக வழிபடும் நீர்க்கோயிலின் வழிபாட்டு நாட்களும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1970களில் பசுமைப் புரட்சித் திட்டத்தின்படி அவரவர் இயன்றபோதெல்லாம் நடும்படி அரசு ஊக்குவித்தபோது, தரிசுக் காலமே இல்லாமற்போய்ப் புகையான் முதலிய பூச்சிகள் பெருகின, நீருக்கும் தட்டுப்பாடு வந்தது. பரந்த பரப்பை ஒரே சமயத்தில் காயவிடுவது பூச்சிக்கு உணவில்லாமல் செய்யும் வழி என்பதை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கின் ஆய்வு பின்னர் கணினி மாதிரியின் துணையோடு விளக்கியது. இவ்வளவு செறிவான செய்தி இருக்கும் இடத்தில் விளக்கப் பலகைகள் சொல்வது மிகக் குறைவு என்பதே என் முதன்மையான மனக்குறை. சுபாக்கைப் பற்றிப் பேசத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி கிடைத்தால் அவருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

உணவைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. காட்சிக்காகவே விலை வைத்திருந்த ஓர் உணவகத்தில் ஆறிப்போன பஃபே சாப்பாடுதான் கிடைத்தது. அங்கே விளையும் சிவப்பரிசிச் சோறும், அதே அரிசியை வறுத்துக் கொதிக்கவைத்துத் தரும் தேநீரும் சிறிய கடைகளிலேயே நன்றாக இருந்தன. சைவ உணவினர் காய்கறிப் பண்டங்களிலும் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலிலும் இறால் விழுது சேர்க்கப்படுவதை நினைவில் வைத்து, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பருவம் பார்த்துச் செல்வது இங்கே மிகவும் முக்கியம். இடுப்புக்கு மேல் வளரும் பாரம்பரியச் சிவப்பு நெல்லை ஆண்டின் தொடக்கத்தில் நட்டு, ஜூன், ஜூலை மாதங்களில் அறுக்கிறார்கள். அடுத்த போகத்தில் வருவது குறுகிய கால வெள்ளை நெல். மார்ச், ஏப்ரலில் பசுமை. ஜூனில் பழுத்த கதிர். அறுவடை முடிந்த கையோடு சென்றால் தாளும் சேறுமே மிஞ்சும், அதற்கு யாரையும் நொந்துகொள்ள முடியாது. நண்பகலுக்குப் பின் மலையை மேகம் மூடிவிடுவது வழக்கம் என்பதால் காலையிலேயே சென்றுவிட வேண்டும். வரப்புகள் வழுக்கும், செருப்பு உதவாது.

அதே நாளில் தெகலாலாங்கையும் சேர்த்துக்கொள்ள ஓட்டுநர் வற்புறுத்துவார். அதற்குப் பதிலாக, அதே மலைச்சரிவில் காட்டுக்குள் இருக்கும் புரா லுஹுர் பதுக்காரு கோயிலுக்குப் போகச் சொல்லுங்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாரோங்கை வாயிலிலேயே தருகிறார்கள்.