‘லாங் ரேஞ்ச்’ ரைஃபிள் பயிற்சி: ஒரு 46,000 ரூபாய் ரசீது

வேலூரை அடுத்த காட்பாடிப் பக்கம் இயங்கும் ஒரு துப்பாக்கிப் பயிற்சி நிலையம் கொடுத்த ரசீது இது. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். பணம் கட்டியவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். ‘300 மீட்டர் லாங் ரேஞ்ச் ரைஃபிள், மூன்றே மாதம், லைசென்ஸ் ஏற்பாடு உண்டு’ என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர். ரசீதில் நான்கு வரி: ஏர் ரைஃபிள் 18,500, ஸ்கோப் (குறியைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி) 9,000, பயிற்சி 15,000, ‘லைசென்ஸ் வேலை’ 3,500.

முதலில் துப்பாக்கி. வெடிமருந்து இல்லாமல் ஸ்பிரிங் அழுத்தும் காற்றால் சுடும் .177 (குழல் விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ.) ஏர் ரைஃபிள். ‘வேகம் விநாடிக்கு 1000 அடி, லைசென்ஸ் தேவையில்லை’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருப்பது கடினம். 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்குள்ளும், குண்டு குழலை விட்டு வெளிவரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்க வேண்டும். வழக்கமான ஈயப் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) 0.53 கிராம். அதை 1000 அடி, அதாவது 305 மீட்டர் வேகத்தில் விட்டால் ஆற்றல் சுமார் 24.6 ஜூல், வரம்பைத் தாண்டிவிடுகிறது. 20 ஜூலுக்குள் நிற்க வேண்டுமானால் அந்தப் பெல்லட்டின் வேகம் 274 மீட்டரைத் தாண்டக் கூடாது. எடை குறைந்த அலாய் பெல்லட்டைப் போட்டு அளந்த வேகத்தைத்தான் பெட்டியில் பெரிதாக அச்சடிக்கிறார்கள். அந்தப் பெல்லட் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், குறியிலும் சிதறும். உலகப் போட்டிகளில் 10 மீட்டர் சுடும் துப்பாக்கிகளே விநாடிக்கு 170–175 மீட்டர்தான். வேகத்தைச் சொல்லி ஒருவர் ஏர் ரைஃபிள் விற்றால், குறி பார்ப்பதைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

300 மீட்டர் கதையைப் பள்ளிக்கூடக் கணக்கே உடைத்துவிடும். விநாடிக்கு 270 மீட்டர் வேகம், காற்றுத் தடையே இல்லை என்று வைத்தாலும், 100 மீட்டர் போய்ச் சேருவதற்குள் பெல்லட் 67 செ.மீ. கீழே விழும். நிஜத்தில் காற்று வேகத்தைத் தின்பதால் விழுவது இன்னும் அதிகம். 300 மீட்டர் என்பது வெடிமருந்தில் இயங்கும் பெரிய குழல் ரைஃபிளின் போட்டி. அந்த ரைஃபிளை லைசென்ஸ் இல்லாமல் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது ஸ்கோப். ரசீதிலேயே பெரிய மோசடி இதுதான். 10, 50, 300 மீட்டர் என அசையாத குறியைச் சுடும் எந்தச் சர்வதேச ரைஃபிள் போட்டியிலும் ஸ்கோப்புக்கு இடமில்லை. பின்னால் சிறு துளை, முன்னால் வளையம் உள்ள பீப் சைட்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2024 பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலை (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் பீப் சைட்டில்தான். போட்டிக்குப் போகப் போகிறேன் என்று வந்த பையனுக்கு 9,000 ரூபாய் ஸ்கோப் எதற்கு?

அந்த ஸ்கோப்பும் 3-9×40 வகை (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 40 மி.மீ.), பேரலாக்ஸ் (கண் விலகினால் குறி நகர்வதுபோலத் தெரியும் பிழை) 100 கஜத்துக்கு நிலைப்படுத்தியது, தூரம் மாற்றும் வளையம் கிடையாது. 10 மீட்டரில் குறி மங்கலாகத் தெரியும். கண் சற்று விலகினாலே குறுக்குக்கோடு குறியின் மேல் நகரும். லென்ஸின் ஓரம் வரை விலகினால் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல். 10 மீட்டர் குறி அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டு வெறும் 0.5 மி.மீ.! போதாததற்கு, ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பின்னால் ஒரு முறையும் முன்னால் ஒரு முறையும் உதைக்கும். இந்த இரட்டை உதைக்கென்று செய்யப்படாத ஸ்கோப்பின் உள்ளுறுப்புகள் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் மவுண்டில் நிறுத்துமுள் இல்லாவிட்டால் ஸ்கோப் மெல்லப் பின்னால் நழுவும். இங்கே இரண்டும் நடந்தது.

பயிற்சியின் லட்சணம் இது. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ‘கோச்’ ஸ்கோப்பின் திருகைத் திருகியிருக்கிறார். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக் 10 மீட்டரில் 0.7 மி.மீ.தான் நகர்த்தும். புதியவரின் ஐந்து குண்டுகள் 4–5 செ.மீ. அகலத்தில் விழும்போது ஒற்றைக் குண்டைத் துரத்தித் திருகினால், திருகியவரின் பதற்றம்தான் அட்டையில் பதியும். முறை வேறு. ஐந்து குண்டு சுட்டு, எதையும் தொடாமல், அவை ஒன்றாகக் கூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கூடவில்லையென்றால் கோளாறு பிடியிலோ மூச்சிலோ டிரிக்கர் விரலிலோ இருக்கிறது. கூட்டம் சிறியதாகி, இரண்டு மூன்று அட்டைகளில் ஒரே இடத்தில் விழுந்த பிறகுதான் அதன் நடுவை அளந்து சைட்டை மாற்றுவது.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். தவறு. அதை உள்ளங்கையில் தளர்வாக, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாங்க வேண்டும். இறுக்கினாலோ குழலைச் சுவரில் சாய்த்தாலோ குண்டு விழும் இடமே மாறும்.

‘வீட்டில் தினமும் பெல்லட் இல்லாமல் 50 தடவை டிரிக்கர் இழு’ என்ற பாடம் துப்பாக்கியையே கொன்றது. பெல்லட் இல்லாத ஸ்பிரிங் துப்பாக்கியில், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனைத் தடுக்கக் காற்று அழுத்தம் உருவாகாது. அது நேரே போய் முன்சுவரில் அறையும். காற்றை அடைக்கும் சீல் கிழியும், ஸ்பிரிங் முறியும். டிரை ஃபயர் அருமையான பயிற்சிதான், ஆனால் அதற்கு வசதி உள்ள போட்டித் துப்பாக்கிகளில். வேகம் குறைந்ததும் துப்பாக்கியை விற்றவர் தையல் மெஷின் எண்ணெயை உள்ளே விட்டிருக்கிறார். அழுத்தத்தில் எண்ணெய் எரிந்து புகையும் கருகல் வாடையும் வந்தன. மிச்சமிருந்த சீலும் போயிற்று.

மூன்றாம் மாதம் ‘லாங் ரேஞ்ச் வகுப்பு’. எங்கே? பாலாற்று மணலில், 80 அடி தொலைவில் கண்ணாடி பாட்டில்கள். பின்னால் மண்மேடு இல்லை, பாறை. பெல்லட் பாறையில் பட்டுத் திரும்பி வரும். கண்ணில் காப்புக் கண்ணாடிகூட இல்லை. சுடுதளம் என்றால் பின்புறம் குண்டைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு, யாரும் குறுக்கே வராத எல்லை, ‘நிறுத்து’ என்று ஒருவர் சொன்னதும் எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து கீழே வைக்கும் ஒழுங்கு, இந்த மூன்றும் வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள் நடமாடும் ஆற்றங்கரை சுடுதளம் ஆகாது.

லைசென்ஸுக்கு வருவோம். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவருக்கு லைசென்ஸ் கிடையாது. மேற்பார்வையில் பயிற்சி பெற மட்டுமே சலுகை. 19 வயதுப் பையனிடம் ‘லைசென்ஸ் வேலை’க்குக் காசு வாங்கியது பகல் கொள்ளை. வயது நிறைந்தவர்கள் தங்கள் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானதால், அரக்கோணத்துக்காரர் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூர்க்காரர் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியில் ‘எல்லாம் முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் அல்ல.

கோச் ‘எக்ஸ் மிலிட்டரி’ என்பதுதான் பலரை மயக்குகிறது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் உள்ள மாவட்டம் இது. அந்த மரியாதை இயல்பு. ஆனால் படைப்பிரிவில் சுடுவது வேறு, குறிபார்ப்பு விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பது வேறு. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் கிளப் தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்தில் பதிவு பெற்றதா, பதிவு எண் என்ன, பீப் சைட் உள்ள கிளப் துப்பாக்கியை வாங்காமலே பழகலாமா? மூன்றாவது கேள்விக்கு ‘முடியாது, முதலில் வாங்கு’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். முதல் இரண்டு மூன்று மாதம் சொந்தத் துப்பாக்கியே தேவையில்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸாப் பேச்சு மூன்றையும் எடுத்து வைக்கவும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. துப்பாக்கியை வெளியே கொடுத்துப் பழுது பார்க்காதீர்கள். கிழிந்த சீல் சாட்சியாக அதற்குள்ளேயே இருக்கட்டும்.